கார் முன்பணத்தில் ஒன்றரை லட்சம் குறைகிறது: கிரெடிட் கார்டில் தேய்த்து ஈஎம்ஐ ஆக்கலாமா?

நொய்யல்கரை:

வணக்கம். திருப்பூரில் ஒரு சிறிய பெட்ரோல் கார் பார்த்து முடிவு செய்திருக்கிறேன். ஷோரூம் கொடுத்த கொட்டேஷன் இது:

எக்ஸ்ஷோரூம் 7,90,000
ஆயுள் வரி (13%) 1,02,700
இன்சூரன்ஸ் 42,000
பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக் 3,300
ஆக்சஸரீஸ் பேக் 22,000
ஆன்ரோடு 9,60,000

வங்கி எக்ஸ்ஷோரூம் விலையில் 85 சதவீதம் என்று கணக்குப் போட்டு 6,70,000 தருகிறது. 9.5% வட்டி, 60 மாதம். கையில் 1,40,000 இருக்கிறது. மிச்சம் 1,50,000 இடிக்கிறது.

என் கிரெடிட் கார்டு லிமிட் 3 லட்சம். விற்பனைப் பிரதிநிதி சொல்வது: "ஒன்றரை லட்சத்தை இங்கேயே கார்டில் தேயுங்கள், 2% சார்ஜ் மட்டும். பிறகு ஆப்பில் 24 மாத ஈஎம்ஐ ஆக்கிவிடுங்கள், 16% வட்டி. மொத்த வட்டியே 26 ஆயிரம்தான். இதே ஒன்றரை லட்சத்தைக் கார் லோனில் ஏற்றினால் 39 ஆயிரம் வட்டி போகும்."

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த இரண்டு எண்களும் சரியாகத்தான் வருகின்றன. ஆனாலும் 16 சதவீதம் எப்படி 9.5 சதவீதத்தை விட மலிவாகும் என்று புரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

வட்டிக்கணக்கு:

உங்கள் சந்தேகம் நியாயமானது. அவர் சொன்ன எண்கள் இரண்டும் சரி, ஒப்பீடுதான் தப்பு. 39 ஆயிரம் என்பது ஐந்து வருட வட்டி. 26 ஆயிரம் என்பது இரண்டு வருட வட்டி. பணத்தை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்களோ அதற்கேற்பத்தான் வட்டி. ஒரே காலத்துக்கு வைத்துப் பாருங்கள்: 1,50,000 ரூபாயை 9.5 சதவீதத்தில் 24 மாதத்தில் அடைத்தால் மாதம் 6,887, மொத்த வட்டி ஏறக்குறைய 15,300. கார்டில் அதே 24 மாதத்துக்கு மாதம் 7,344, வட்டி 26,267.

இதோடு முடிந்தால் கூடப் பரவாயில்லை. கார்டு ஈஎம்ஐயில் வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. சாதாரண வங்கிக் கடன்களின் வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது, கிரெடிட் கார்டு வட்டிக்கு அந்த விலக்கு கிடையாது. பலர் தவறவிடும் இடம் இதுதான், ஏனென்றால் ஆப்பில் காட்டும் ஈஎம்ஐ தொகையில் பெரும்பாலும் ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. முதல் மாதம் வட்டி 2,000, அதற்கு ஜிஎஸ்டி 360. ஆக ஸ்டேட்மென்ட்டில் 7,344க்குப் பதில் 7,704 வரும். அசல் குறையக் குறைய ஜிஎஸ்டியும் குறையும்.

மொத்தமாகப் போட்டால்:

வட்டி 26,267
வட்டி மீது ஜிஎஸ்டி 4,728
ப்ராசசிங் ஃபீஸ் 1% என்று வைத்தால் 1,500, ஜிஎஸ்டி 270
ஷோரூமின் 2% 3,000, அதற்கும் ஜிஎஸ்டி போட்டால் 540

கூட்டினால் 36,300 ரூபாய். இதில் 5,310 ரூபாய் ஆரம்பத்திலேயே போய்விடுகிறது. அதையும் சேர்த்து உண்மையான வருட வட்டியைக் கணக்கிட்டால் 22க்கும் 23க்கும் நடுவில் வரும். 16 என்பது பெயரளவுதான். இரண்டு வருடத்தில் 21,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். நீங்கள் வாங்கவிருக்கும் ஆக்சஸரீஸ் பேக்கின் விலை ஏறக்குறைய அதுதான்.

மாதச் சுமையையும் பாருங்கள். 6,70,000 கார் லோனுக்கு ஈஎம்ஐ 14,071. அதோடு கார்டு 7,704 சேர்ந்தால் முதல் மாதம் 21,775. முழு 8,20,000 ரூபாயும் கார் லோனாகக் கிடைத்தால் ஈஎம்ஐ 17,221 மட்டும். மாதம் மிச்சமாகும் 4,500 ரூபாயைச் சேர்த்து வைத்து லோனிலேயே இடையிடையே கட்டினால் ஐந்து வருடம் இழுக்காது.

இடையில் பணம் வந்து கார்டு ஈஎம்ஐயை மூடலாம் என்று நினைத்தால் அதற்கும் விலை உண்டு. பல வங்கிகளில் மீதி அசலில் 3%, அதன் மேல் ஜிஎஸ்டி. ஆறு தவணை கட்டிய பிறகு மீதி அசல் 1,16,845 இருக்கும். மூடும் கட்டணம் 3,505, ஜிஎஸ்டியோடு 4,136. ஆரம்பத்தில் கட்டிய ப்ராசசிங் ஃபீஸும் திரும்ப வராது.

டெலிவரிமேடை:

கணக்கு மேலே தெளிவாக வந்துவிட்டது. ஷோரூமில் கார்டு தேய்க்கும்போது நடைமுறையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

முதலில், எல்லா டீலரும் ஒன்றரை லட்சத்தைக் கார்டில் வாங்க மாட்டார்கள். பலர் புக்கிங் தொகையோடு நிறுத்திக்கொள்வார்கள், சிலர் ஒரு லட்சம் வரை. காரணம் எளிது: கார்டு மெஷின் வைத்திருக்கும் வங்கி ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒன்றரை முதல் 2% வரை டீலரிடம் பிடிக்கும். கார் விற்பனையில் டீலருக்கு நிற்கும் லாபமே சொற்பம், அதனால் உங்கள் தலையில் வைக்கிறார்கள். டெபிட் கார்டுக்கு இப்படித் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் பழைய உத்தரவு. கிரெடிட் கார்டில் பேசிப் பார்க்கலாம். மாதக் கடைசியில் டார்கெட் நெருக்கடி இருக்கும்போது 2% முழுதாகவே தள்ளுபடி ஆவதுண்டு. பில்லில் எந்தப் பெயரில் அந்தத் தொகையைக் காட்டுவீர்கள் என்று கேளுங்கள். ரசீதே கிடையாது என்றால் கொடுக்காதீர்கள்.

போவதற்கு முந்தின நாளே உங்கள் கார்டு ஆப்பில் கடை மெஷினுக்கான பரிவர்த்தனை வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். லிமிட் 3 லட்சம் இருந்தாலும் ஒரு நாள் வரம்பு 50,000 என்று கிடக்கலாம். டெலிவரி நாளில் மெஷின் 'டிக்ளைன்' காட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அவசரத்தில் மூன்று நான்கு தடவையாகத் தேய்த்தால் ஒவ்வொன்றையும் தனித்தனி ஈஎம்ஐ ஆக்க வேண்டி வரும், தனித்தனி ப்ராசசிங் ஃபீஸ் விழும்.

மெஷின் டீலர் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறதா என்று கேட்காமல் பின் நம்பர் போடாதீர்கள், பிறகு வரும் சீட்டிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம ஆக்சஸரீஸ் கடை மெஷின்ல போட்டுக்கலாம் சார், சார்ஜ் கம்மி" என்று சொன்னால் வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். கார் பேரம் முறிந்தால் அந்தக் கடையிடம் இருந்து பணத்தைத் திரும்ப வாங்க உங்களிடம் கார் சம்பந்தமான ஒரு தாள் கூட இருக்காது. விற்பனைப் பிரதிநிதியின் சொந்த க்யூஆர் கோடுக்கும் இதே விதிதான். சீட்டு தவிர, புக்கிங் எண் எழுதிய நிறுவன ரசீதும் அன்றே கையில் வர வேண்டும்.

கேன்சல் ஆனால் என்ன என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பணம் அதே கார்டுக்குத் திரும்பும், ஆனால் ஈஎம்ஐ தானாக ரத்தாகாது. ரீஃபண்ட் வந்தது ஒரு பக்கம், ஈஎம்ஐ ஓடுவது இன்னொரு பக்கம். கஸ்டமர் கேரில் தனியாகச் சொல்லி மூட வேண்டும். அதுவரை விழுந்த வட்டியும் ஜிஎஸ்டியும் திரும்பாது.

இன்னொன்று. உங்கள் கொட்டேஷனிலேயே அந்த ஒன்றரை லட்சப் பற்றாக்குறையைக் கொஞ்சம் குறைக்க வழி இருக்கிறது. ஆக்சஸரீஸ் பேக் கட்டாயம் இல்லை. மேட், சீட் கவர், மட்ஃப்ளாப் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக வெளியில் போட்டுக்கொள்ளலாம். இன்சூரன்ஸும் டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று இல்லை. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம், அதன் பிரீமியம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். 2022 அறிவிப்பின்படி 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை 10,640, ஜிஎஸ்டி தனி. மாறுவது சொந்தச் சேதத்துக்கான பகுதியும் அதனோடு ஒட்டும் ஆட்ஆன் என்கிற கூடுதல் பாதுகாப்புகளும்தான். 42,000 என்று மொத்தமாகச் சொல்லாமல் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள், அதே ஐடிவி (காப்பீட்டில் காருக்குக் குறிக்கும் மதிப்பு), அதே ஆட்ஆன் வைத்து வெளியில் விலை கேளுங்கள். அதைக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் நேராகக் கார்டில் கட்டினால் ஷோரூமின் 2% கிடையாது. உங்கள் கார்டைப் பயன்படுத்த நல்ல இடம் அதுதான், அடுத்த பில்லிலேயே முழுதாக அடைக்க முடியும் என்றால்.

நொய்யல்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆக்சஸரீஸை எடுத்துவிடச் சொல்கிறேன். ஒரு துணைக் கேள்வி. ஈஎம்ஐ ஆக்காமல், கார்டின் 50 நாள் வட்டியில்லாக் காலத்தைப் பயன்படுத்தினால்? நான்கு மாதத்தில் ஒரு சீட்டுப் பணம் 2 லட்சம் எடுக்கலாம். நடுவில் இரண்டு மாதம் மினிமம் ட்யூ, அதாவது பில்லில் காட்டும் குறைந்தபட்சத் தொகை, மட்டும் கட்டினால் சமாளிக்கலாமே?

வட்டிக்கணக்கு:

இதை மட்டும் செய்யாதீர்கள். ஈஎம்ஐயை விட இது மோசம்.

50 நாள் என்பது எல்லாத் தேய்ப்புக்கும் கிடைப்பதில்லை. உங்கள் ஸ்டேட்மென்ட் தேதி மாதம் 12, கட்ட வேண்டிய தேதி அதிலிருந்து 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். 13ஆம் தேதி தேய்த்தால் 50 நாள். 11ஆம் தேதி தேய்த்தால் 21 நாள்தான். அதுவும் முந்தைய பில்லில் ஒரு பைசா பாக்கி இல்லாமல் இருந்தால் மட்டும். பழைய பாக்கி இருந்தால் தேய்த்த நாளில் இருந்தே வட்டி.

அடுத்தது முக்கியம். முழுத் தொகையைக் கட்டாவிட்டால், கட்டாத பகுதிக்கு மட்டும் வட்டி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வட்டியில்லாச் சலுகையே போய்விடும், முழுத் தொகைக்கும் தேய்த்த நாளில் இருந்து வட்டி ஓடும். உதாரணம்: 13ஆம் தேதி 1,50,000 தேய்க்கிறீர்கள். ஐம்பதாவது நாள் 1,40,000 கட்டிவிட்டு 10,000 பாக்கி வைக்கிறீர்கள். மாதம் 3.5%, அதாவது வருடம் 42% வட்டி. ஒரு நாளைக்கு 172 ரூபாய் 60 பைசா, 50 நாளுக்கு 8,630. ஜிஎஸ்டி 1,553. ஆக 10,183 ரூபாய். பத்தாயிரம் பாக்கி வைத்ததற்குப் பத்தாயிரத்துக்கும் மேல் வட்டி. அந்த 10,000க்கான வட்டி இனிமேல்தான் தொடங்கும். இடையில் அதே கார்டில் பெட்ரோல் போட்டாலும் மளிகை வாங்கினாலும் அவற்றுக்கும் முதல் நாளில் இருந்தே வட்டி.

மினிமம் ட்யூ கட்டினால் லேட் ஃபீ விழாது, கணக்கு தவணை தவறியதாகப் பதிவாகாது. அது கொடுக்கும் பாதுகாப்பு அவ்வளவுதான். 1,50,000க்கு 5% என்றால் 7,500 கட்டுவீர்கள், அதில் மாத வட்டியும் ஜிஎஸ்டியும் 6,000க்கு மேல் தின்றுவிடும். அசல் அசையவே அசையாது. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்ன தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதை நம்பியும் இருக்க முடியாது.

அமராவதி_ஆறுமுகம்:

தம்பி, சீட்டுப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவு பெற்ற சீட்டாகவே இருந்தாலும் ஏலத்தில் எடுத்த அன்று பணம் கைக்கு வராது. மீதித் தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள். சம்பளச் சான்றோடு ஆள் ஜாமீன், அல்லது வைப்புத்தொகை, அல்லது சொத்துப் பத்திரம். அதைச் சரிபார்த்து காசோலை தருவதற்குள் சில வாரம் ஓடலாம். 2 லட்சம் சீட்டில் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) போக எவ்வளவு கிடைக்கும் என்பதும் அன்றைய ஏலத்தைப் பொறுத்தது. நான்கு மாதம் என்பதை ஆறு மாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்தில் அடைக்க வழி இருக்கிறவருக்கு ஏற்றது நகைக்கடன். வீட்டில் சும்மா இருக்கும் நகை இருந்தால், வங்கியில் வையுங்கள். இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85% வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025இல் விதியை மாற்றியது. கடைசியில் மொத்தமாகக் கட்டும் முறை என்றால் வட்டியையும் சேர்த்தே அந்த 85 சதவீதத்தைக் கணக்கிடுவார்கள், அதனால் கையில் வருவது கொஞ்சம் குறையும். வட்டி 9, 10 சதவீதத்தில் வங்கிகளில் கிடைக்கிறது, ஜிஎஸ்டி இல்லை. 1,50,000க்கு 10% என்றால் ஆறு மாதத்துக்கு 7,500. முன்கூட்டி மூட ஏதாவது பிடிப்பார்களா, மதிப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரிந்த கடை மெஷினில் தேய்த்து ரொக்கமாக வாங்குவது, வாடகை கட்டும் ஆப்பில் சொந்தக்காரர் பெயரைப் போட்டு பணம் எடுப்பது, இதெல்லாம் யாராவது சொல்வார்கள். சாமான் வாங்காமலே வாங்கியதாகக் காட்டுவது அது. கார்டு ஒப்பந்தத்துக்கு எதிரானது, வங்கி கார்டையே முடக்கலாம். ஏடிஎம்மில் கார்டைப் போட்டு எடுத்தால் இரண்டரை சதவீதம் கட்டணமும் அன்றைக்கே தொடங்கும் வட்டியும்.

சாங்ஷன்மேசை:

லோன் ஃபைல் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொண்டால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்.

கார் லோன் இன்னும் டிஸ்பர்ஸ் ஆகவில்லை, அதாவது வங்கி பணத்தை இன்னும் விடுவிக்கவில்லை என்றால், அதற்கு முன் கார்டில் ஒன்றரை லட்சம் தேய்ப்பது உங்கள் லோனையே பாதிக்கலாம். 3 லட்சம் லிமிட்டில் பாதி போய்விட்டால் பயன்பாட்டு விகிதம் 50%. 30 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. வங்கிகள் 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது சிபில் போன்ற, கடன் வரலாற்றைப் பதியும் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்புகின்றன, அதனால் அந்தத் தேய்ப்பு சீக்கிரமே அறிக்கையில் ஏறிவிடும். ஈஎம்ஐ ஆக்கிவிட்டால் இன்னொரு மாதத் தவணை உங்கள் கணக்கில் கூடும், சம்பளத்தில் எத்தனை சதவீதம் ஏற்கெனவே தவணைக்குப் போகிறது என்று பார்க்கும்போது தகுதித் தொகை குறையும். ஈஎம்ஐ முடியும் வரை அந்த லிமிட்டும் அடைபட்டே இருக்கும், கட்டக் கட்டத்தான் திறக்கும். திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கார்டை நம்பியிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வங்கி டீலருக்கு டிஓ, அதாவது டெலிவரி ஆர்டர், கொடுப்பதற்கு முன் மார்ஜின் மணி, அதாவது லோன் போக உங்கள் பங்கு, கட்டிய ரசீதைக் கேட்கும். அந்த ரசீதில் கிரெடிட் கார்டு என்று இருந்தால், மார்ஜினே கடன் பணம்தானே என்று சில வங்கிகள் கேள்வி எழுப்பும். முன்கூட்டியே மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இது: எக்ஸ்ஷோரூம் விலையில் 85% என்பது கல்வெட்டு இல்லை. ஆன்ரோடு விலையின் மேல் கணக்கிட்டுக் கொடுக்கும் வங்கிகளும் இருக்கின்றன. வரியையும் இன்சூரன்ஸையும் சேர்த்து 9,38,000, அதாவது ஆக்சஸரீஸ் நீக்கிய தொகை. அதில் 85% என்றாலே 7,97,300 வரும். உங்கள் 1,40,000 ரூபாயோடு சேர்த்தால் 9,37,300. எழுநூறு ரூபாய்தான் குறைகிறது, கார்டைத் தொடவே வேண்டாம். இரண்டு வங்கிகளில் ஷோரூமின் ப்ரொஃபார்மா இன்வாய்ஸை (விற்பனைக்கு முன் தரும் விலைப் பட்டியல்) கொடுத்து எழுத்தில் வாங்குங்கள். ஆனால் ஒரே வாரத்தில் ஏழெட்டு இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விசாரணையும் சிபில் அறிக்கையில் பதியும்.

நொய்யல்கரை:

எழுநூறு ரூபாய்! இதை யோசிக்கவே இல்லை. நாளைக்கே இன்னொரு வங்கியில் கேட்கிறேன். சீட்டுப் பணம் வந்ததும் கார் லோனில் ஒரு பகுதியைக் கட்டினால் அபராதம் விழுமா?

சாங்ஷன்மேசை:

வட்டி வகையைப் பொறுத்தது. தனிநபர் தொழில் சாராத தேவைக்கு வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கு, 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்பட்டதாக இருந்தால், முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஆனால் கார் லோன்களில் பல நிலையான வட்டியில்தான் வருகின்றன, அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. முதல் 6 அல்லது 12 தவணை வரை பகுதித் தொகையே வாங்க மாட்டோம், வருடத்தில் ஒருமுறைதான், மீதி அசலில் 25% வரைதான் என்றெல்லாம் நிபந்தனை இருக்கலாம். வாய்மொழியாகக் கேட்காதீர்கள். சாங்ஷன் கடிதத்தில் 'முன்கூட்டியே செலுத்துதல்' என்ற பத்தியையும், அதோடு வரும் முக்கியத் தகவல் அறிக்கையில் வட்டி நிலையானதா மாறுவதா என்ற கட்டத்தையும் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பகுதித் தொகை கட்டும் அன்று, ஈஎம்ஐயைக் குறைக்க வேண்டுமா, மாதங்களைக் குறைக்க வேண்டுமா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாதங்களைக் குறைக்கச் சொல்லுங்கள், வட்டி அதில்தான் அதிகம் மிச்சமாகும். சில நாள் கழித்து புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கட்டிய தொகை அசலில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்கூட்டியே வந்த ஈஎம்ஐ என்று வரவு வைத்துவிட்டால் வட்டி குறையாது.